வீக்கத்தில் எடுத்த அளவு

லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் முதல் வேலை பேசுவது. சாவி, விளக்கு, ஸ்பேனர் எல்லாம் அப்புறம். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கு இந்த விஷயத்தில் மறுபேச்சே கிடையாது. உள்ளே இருப்பவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாதவர் கதவை இழுப்பார், எட்டிப் பார்ப்பார், குதிப்பார். நின்றுபோன லிஃப்ட் யாரையும் கொல்லாது. அதிலிருந்து தானாக இறங்கப் பார்த்தவர்கள்தான் செத்திருக்கிறார்கள்.

அதனால் அவரிடம் ஒரு பேச்சு வரிசை இருந்தது. மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து, பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்கும் குரலில் ஆரம்பிப்பார். “லிஃப்ட்காரன் வந்துட்டேன். உள்ள எத்தனை பேரு? சரி. லிஃப்ட் கீழ விழாது. நாலு கயிறு இருக்கு, தாங்கறதுக்கு ஒண்ணே போதும். மேல ஓட்டை இருக்கு, காத்து வரும். கதவத் தொடாதீங்க. முதுகச் சுவத்துல சாச்சுத் தரையில உக்காருங்க. இப்ப நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க.” உள்ளே இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் மேலே மோட்டார் அறைக்குப் படி ஏறுவார்.

ஒருமுறை ஒரு வக்கீல் உள்ளே நின்று கத்தினார், வெளியே வந்ததும் உன் மேல் கேஸ் போடுகிறேன் பார் என்று. “போடுங்க சார்,” என்றார் அப்பா. “ஆனா கோர்ட்டு லிஃப்டையும் நான்தான் பாக்கறேன். வாய்தாவுக்கு வர்றப்ப படியில ஏறி வந்துடுங்க.” வக்கீல் சிரித்துவிட்டார். சிரித்தவர் உட்கார்ந்தும் விட்டார்.

இத்தனை மாடிகளை ஏற்றி இறக்கியவர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தால், வெளியூரில் நிற்கும் லிஃப்டுக்குக்கூட அந்த வரிசையைப் போனிலேயே சொல்வார். எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கு வாய்ப்பாடு மனப்பாடமாவதற்கு முன்பே அது மனப்பாடமாகிவிட்டது.

பல் போன கதையும் அந்தத் தொழிலில்தான் தொடங்கியது. வயரின் மேல்தோலை அவர் முன்பல்லால்தான் உரிப்பார். மேல்வரிசை நடுப்பல்லில் வயர் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருந்தது. முதல் சம்பளத்தில் மகள் வயர் உரிக்கும் இடுக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

“இடுக்கிய வீட்டுல மறந்து வெச்சிட்டுப் போயிடலாம் குட்டி. பல்ல மறக்க முடியுமா?” என்றார்.

ஐம்பது வயதுக்குள் மேல்வரிசையில் முன்பல் நான்கும் போயின. வயர் பாதி, சர்க்கரை நோய் பாதி. நான்கு பற்கள் வைத்த ஒரு பிளேட் கட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. மிஞ்சியிருந்த பற்களில் அது மாட்டிக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்ட முதல் நாள் மகளுக்குப் போன் செய்தார். “இப்பப் பல்லையும் மறந்துட்டுப் போகலாம்.”

பதினோரு வருடம் அது ஒழுங்காக உழைத்தது.

பெருந்தொற்று வந்த வருடம் அப்பாவுக்கு அறுபத்திரண்டு. ஓய்வு பெற்ற பிறகும் ஒரு எட்டு மாடி மருத்துவமனையின் பழைய லிஃப்டுகளுக்காக அவரை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரே மூடியது. மருத்துவமனை லிஃப்டை மூட முடியாது. வயதானவர்கள் வீட்டிலேயே இருக்கலாம் என்று மேலாளர் சொன்னார். “அந்த லிஃப்டு என்னைவிட வயசானது சார். அது வருதே,” என்று சொல்லிவிட்டு அப்பா போனார்.

வலது கொக்கி மாட்டும் பல்லில் ஏற்கனவே வலி இருந்தது. ஈறு கரைந்து வேர் தெரிகிறது, அதை எடுத்துவிட்டுப் புது பிளேட் கட்டவேண்டும் என்று பல் டாக்டரம்மா முந்தின வருடமே சொல்லியிருந்தார். மகள் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். அப்பா இரண்டு தடவை தள்ளிப்போட்டார். ஒரு தடவை லிஃப்டுகளுக்கு வருடாந்திர சோதனை. இன்னொரு தடவை மழை. மூன்றாவதாகக் குறித்த தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிளினிக்கை மூடச் சொல்லிவிட்டார்கள்.

“வாயைத் திறந்து செய்யற எந்த வேலைக்கும் இப்ப அனுமதி இல்லீங்க,” என்றார் டாக்டரம்மா போனில். “எச்சில் தெறிக்கும். மாத்திரை எழுதித் தரேன். வீக்கம் வத்தட்டும். பொறுத்துக்கோங்க.”

வீக்கம் வற்றுவதற்கு முன்னால் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கன்னம் ஒரு பக்கம் பன் மாதிரி ஆகிவிட்டது. பிளேட் உள்ளே போகவில்லை. அழுத்தினால் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாள் காலை வேலை. பிளேட் இல்லாமல் பேசினால் காற்றுதான் வருகிறது, வார்த்தை வரவில்லை. மகளுக்கு வீடியோவில் கூப்பிட்டார்.

மகள் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி, எடைக்கற்களையும் தராசுகளையும் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஒரு மில்லிகிராமை ஆயிரமாகப் பிரித்துப் பார்க்கும் இடம். அவளுக்குப் பிரச்சினை உடனே புரிந்தது. ஒரு பொருள் இன்னொன்றில் உட்காரவில்லை. எங்கே இடிக்கிறதோ அங்கே ராவவேண்டும்.

“அம்மாகிட்ட கண்மை இருக்கா?”

“இந்த வயசுல எனக்கு எதுக்குடி மை?” என்று அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. ஆனாலும் அலமாரியைத் துழாவி ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள்.

பிளேட்டின் உள்பக்கம் மெல்லிசாக மை. வாயில் வைத்து ஒரு அழுத்து. வெளியே எடு. மை அழிந்த இடம்தான் இடிக்கும் இடம். அந்த இடத்தில் மட்டும் ஊசி அரத்தால் நாலு இழு. கழுவு, மறுபடி மை. அப்பாவுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இருக்கவில்லை. லிஃப்ட் கதவின் அடிக்கட்டையைப் பள்ளத்தில் உட்காரவைப்பதும் இதே வேலைதான்.

“கொஞ்சமாப்பா. போதும், போதும். எடுத்தத திரும்ப ஒட்ட முடியாது.”

“யாருக்கு யாருடி பாடம் எடுக்கறது?”

“ரெண்டு பேரும் இதுக்குன்னே பொறந்திருக்கீங்க,” என்றாள் அம்மா. “நாளைக்கு எனக்குக் கண்ணு மறைக்குதுன்னா கண்ணையே கழட்டி ராவுவீங்க.”

ஐந்தாவது சுற்றில் பிளேட் வலிக்காமல் உட்கார்ந்தது. வாயைச் சுற்றிக் கரியோடு அப்பா கேமராவைப் பார்த்து, “லிஃப்ட் கீழ விழாது,” என்றார். சுத்தமாக வந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள். நீண்ட நாளுக்குப் பிறகு அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வேலை செய்திருந்தார்கள்.

அவளுடைய ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. வெளியிலிருந்து வரும் எடைக்கல்லை உடனே நிறுக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அறையில் வைத்து, அறையின் சூட்டுக்கு அது வந்த பிறகுதான் தொடவேண்டும். பொருள் தன் நிலைக்கு வரும் முன் எடுத்த அளவு அளவே இல்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு இதை அவள் வருடத்துக்கு நான்கு முறை சொல்லிக்கொடுப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அது தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. வீங்கியிருந்த ஈறுக்கு அளவெடுத்து பிளேட்டை ராவிவிட்டார்கள்.

பத்து நாளில் மாத்திரை முடிந்தது. வீக்கம் வற்றியது. ராவிய இடமெல்லாம் பள்ளமாக நின்றது. பேச வாயைத் திறந்தால் பிளேட் நாக்கின்மேல் விழுந்தது. அடுத்த மாதம், பாலில் நனைத்த ரொட்டியைக் கடித்தபோது வலிக்கும் பல் தானே கழன்று ரொட்டியோடு வந்துவிட்டது. வலது கொக்கிக்குப் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிளேட்டை ஒட்டவைக்கும் பவுடர் எந்தக் கடையிலும் இல்லை. கிளினிக் திறக்கவில்லை.

“அவகிட்ட சொல்லாத,” என்றார் அப்பா, அம்மாவிடம். “பாவம், பாத்துப் பாத்துப் பண்ணிக் குடுத்தா.”

இதெல்லாம் மகளுக்குப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த நான்கு மாதமும் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

முன்பெல்லாம் சாயங்காலப் பேச்சு இருபது நிமிடம் போகும். எந்த மாடியில் எந்த ரிலே கருகியது என்பதுவரை சொல்வார். அது ஐந்து நிமிடமானது. அப்புறம் இரண்டு.

“சாப்டீங்களாப்பா?”

“ம்.”

“என்ன சாப்டீங்க?”

“அம்மா சொல்லுவா.”

“ஏம்ப்பா ஒரு மாதிரி பேசறீங்க? கோவமா? நான் வரலைன்னா? பஸ்ஸே ஓடலப்பா.”

“மாஸ்க்.”

“வீட்டுலயுமா?”

“ம்.”

“பிளேட் எப்படி இருக்கு?”

பதிலாகப் போனில் ஒரு கட்டைவிரல் படம் வரும். வீடியோவில் கூப்பிட்டால் மின்விசிறி தெரியும். அம்மாவிடம் கேட்டால், “வேலை ஜாஸ்திடி, அலுத்துப்போய் வர்றார்,” என்பாள். மகளுக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. அவளும் அலுத்துப்போயிருந்தாள். ஆய்வகத்தில் பாதி ஆட்கள். போனை வைத்ததும் கட்டிலில் விழுந்துவிடுவாள். ஒரு தராசு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வீட்டில் நடந்த விலகலை அவள் குறித்துக்கொள்ளவே இல்லை.

அங்கே அப்பாவுக்கு மாஸ்க் ஒரு வரமாகிவிட்டது. யாரும் வாயைப் பார்க்கமாட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். வாயோரம் சுருங்கியதை அம்மாவிடமிருந்துகூட மறைத்தார். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குழைய வேகவைத்த சோற்றை முழுங்குவார். டீயில் தோய்த்த பிஸ்கட்தான் பாதிச் சாப்பாடு. அதனால் சர்க்கரை ஒரு நாள் எகிறும், மறுநாள் படுக்கும். பெல்ட்டில் ஆணியைச் சூடுபண்ணி இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டுக்கொண்டார். மத்தியானம் மருத்துவமனைக் கேன்டீன் பக்கமே போவதில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், லிஃப்டண்ணனுக்குத் தொற்று பயம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுக்கப் பேசவேண்டுமே.

அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டினால் என்ன செய்வது? அந்த நான்கு மாதத்தில் நோயாளி லிஃப்ட் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் உள்ளே இருந்தவர்கள் டாக்டர்கள். பழக்கப்பட்டவர்கள், போனைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். தப்பித்தார்.

மூன்றாவது தடவை தப்பிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு மகளின் போன் அடித்தது. வேலை நேரத்தில் அப்பா கூப்பிடமாட்டார். எடை அறையிலிருந்து வெளியே ஓடிவந்து எடுத்தாள். எங்கோ ஒரு பெண் அழும் சத்தம், தகரத்தில் கை அடிக்கும் சத்தம். அதற்கு மேலே, மிக அருகில், காற்றும் எச்சிலுமாக ஒரு கிழக்குரல். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

“யாருங்க பேசறது?” என்றாள்.

பெற்ற அப்பாவிடம்தான் அப்படிக் கேட்டாள். அந்தப் பக்கம் வேறொருவர் போனை வாங்கினார்.

“அம்மா, நான் இங்க வாட்ச்மேன். லிஃப்டு மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஆயாம்மா ஒருத்தங்க. வார்டு கூட்டறவங்க, தலையிலேர்ந்து கால்வரைக்கும் பிளாஸ்டிக் டிரெஸ்ஸு. பயந்துபோய் உள்கதவப் பிரிச்சிட்டாங்க. இறங்கப் போறேன்னு கத்தறாங்க. அண்ணன் பேசினா அவங்களுக்கு ஒண்ணும் புரியல. நான் பேசினா திட்டறாங்க. அண்ணன் உங்க நம்பர அமுக்கி என் கையில குடுத்திட்டாரு.”

“அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஸ்ட்ரோக்கா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. பல்லு. பல்லு இல்லல்ல அவருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியாது. அதை நினைக்க அப்போது நேரமும் இல்லை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, உள்கதவும் திறந்திருந்தால், லிஃப்டின் தரைக்குக் கீழே ஒரு இடைவெளி தெரியும். மூன்றாவது மாடியில் குதித்துவிடலாம் என்று தோன்றவைக்கும் இடைவெளி. வெளிக்கதவையும் விரலால் நெம்பி, காலை முதலில் விட்டு இறங்குபவர், பின்பக்கமாகச் சறுக்கி நேரே குழிக்குள் போவார். மூன்று மாடி ஆழம். சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டில் விரலால் படம் போட்டு அப்பா விளக்கியிருந்தார்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கதவு இடுக்குல வைங்க,” என்றாள். “அப்பாவ அங்கயே இருக்கச் சொல்லுங்க.”

அவளுடைய வாயில் அந்த வரிசை அப்படியே வந்தது. “அம்மா, லிஃப்ட்காரர் பொண்ணு பேசறேன். உள்ள நீங்க ஒருத்தர்தானே?”

“யாரு நீ? எங்கேருந்து பேசற?” மூச்சிரைக்கும் குரல்.

“லிஃப்ட்காரர் பொண்ணும்மா. அவரு உங்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிக்கறாரு. கதவுக்கு இந்தப் பக்கம்.”

“நின்னு? வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேங்கறாரு, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து விடறாரு. நான் செத்துட்டேன்னு முடிவே பண்ணிட்டாரா?”

“அவருக்குப் பல்லு இல்லம்மா. அதான் பேச்சு விளங்கல.”

தகரச் சத்தம் நின்றது.

“பல்லு இல்லையா? இவ்ளோதானா? எனக்கும்தான் கீழ்வரிசை மொத்தமா இல்ல. நான் பேசல?”

வாட்ச்மேன் சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னொரு சிரிப்பும் கேட்டது. மாஸ்க்குக்குள், காற்றாக. அப்பாவின் சிரிப்பு. நான்கு மாதமாக அவள் கேட்காதது.

“நல்லா பேசறீங்கம்மா,” என்றாள் மகள். “இப்ப நான் சொல்றத கேளுங்க. லிஃப்ட் கீழ விழாது. நாலு கயிறு இருக்கு, தாங்கறதுக்கு ஒண்ணே போதும்.”

“அந்த ஒண்ணு எதுன்னு உங்கப்பனுக்குத் தெரியுமா?”

“அவரு போட்ட கயிறும்மா.”

“ம். சொல்லு.”

சொன்னாள். காற்று, கதவு, முதுகு, தரை. இடையில் ஆயாம்மா ஒருமுறை அழுதாள். ஆறு மணி நேரமாக அந்த உடுப்புக்குள் இருக்கிறேன், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அவசரத்துக்குக்கூடப் போகவில்லை என்றாள். மகள் அதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க,” என்றாள்.

“கதவத் தொடக்கூடாது. சுவத்துல சாஞ்சு கீழ உக்காரணும். உக்காந்துட்டேன் போ. இனி தூக்கினாலும் எழுந்திரிக்க மாட்டேன்.”

மருத்துவமனை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அப்பா படியேறும் சத்தம் கேட்டது. ஐந்து மாடி. பாதியில் ஒரு இடத்தில் காலடி நின்றது, மறுபடி தொடங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று கூடப் போன எலக்ட்ரீஷியன் சொன்னதாக வாட்ச்மேன் பின்னால் சொன்னார். மேலே மின்சாரத்தை நிறுத்தி, ஒருவர் பிரேக்கை விடுவிக்க, அப்பா சக்கரத்தைக் கையால் சுற்றினார். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். எத்தனை பிள்ளைகள், எந்த வார்டு, வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன சாப்பிடுவீர்கள். “எது மெத்துனு இருக்கோ அது,” என்றாள் ஆயாம்மா. பதினான்கு நிமிடத்தில் கதவு திறந்தது.

மகள் போனை வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். கண்மையிலிருந்து பெல்ட் ஓட்டைவரை.

அன்று சாயங்காலம் அப்பா வீடியோவில் வந்தார். முகத்தில் மாஸ்க் இல்லை. அவள் பார்த்திருந்த முகத்தைவிடப் பத்து வயது கூடிய முகம். மேலுதடு உள்ளே போயிருந்தது. அவள் திட்டவேண்டும் என்று சேர்த்துவைத்திருந்தாள்.

“நாலு மாசம்ப்பா. நாலு மாசம் என்கிட்ட விரலக் காட்டியிருக்கீங்க.”

அவர் ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார். புரியவில்லை. பக்கத்திலிருந்த அம்மா, “நீ வருத்தப்படுவேன்னு சொல்லலையாம்,” என்றாள்.

“இப்ப மட்டும் என்ன பண்றேன்? வீக்கத்தோட அளவெடுத்தது நான்தானே. நானே ஊருக்கெல்லாம் சொல்றது. எனக்கே தெரியல.”

அப்பா கையை ஆட்டினார். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக நாக்கைத் தேடி வைத்துச் சொன்னார். அது அவளுக்கே விளங்கியது. “அரம் என் கையில இருந்துச்சு.”

இரண்டு பேரும் போனைத் திறந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா குழைந்த சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பாமல் சாப்பிட்டார். நேரம் பிடித்தது. மகள் முழுதும் பார்த்தாள்.

அடுத்த வாரமே மேலாளர் அப்பாவைக் கூப்பிட்டு, ஆள் மீட்கும் வேலைக்கு வேறொரு கம்பெனியிடம் சொல்லியாகிவிட்டது, நீங்கள் மோட்டாரை மட்டும் பாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். வீட்டில் அம்மா பொரிந்து தள்ளியபோது, “சரிதானே,” என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பல் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மகளிடம் மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துக் கிளினிக் திறந்தது. ஒரு நாளைக்கு ஆறு பேர்தான். மகள் விடாமல் போன் போட்டு இடம் வாங்கினாள். புது பிளேட்டுக்கு நான்கு தடவை போகவேண்டும். முதல் தடவை டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டு, ஈறு நன்றாக ஆறட்டும், ஆறாமல் அளவெடுக்க மாட்டேன் என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார். அப்பா அதை மகளிடம் சொல்லிவிட்டுக் காற்றாகச் சிரித்தார். இரண்டாவது தடவை அளவெடுத்தார்கள். மூன்றாவது தடவைக்கு முன் ஊரில் தொற்று மறுபடி எழும்பியது. கிளினிக் மூடியது.

அப்பா அந்த மூடலில் இறந்தார். விடிந்து டீ போட்டு அம்மா கூப்பிட்டபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொற்று இருக்கிறதா என்று சோதித்தார்கள். இல்லை. இதயம் என்று எழுதினார்கள். மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் டாக்டரிடம், பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டாள். ஈறு நோயும் சர்க்கரையும் இதயமும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார் அவர். சரியான சாப்பாடு இல்லாததும் சேர்ந்திருக்கும் என்றார்.

“எவ்வளவு?” என்றாள்.

“புரியலையே.”

“எத்தனை பங்கு?”

அதை அளந்து சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். அவளுக்குக் கொடுக்க அவரிடம் எண் எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அப்பாவின் போன் அடித்தது. கிளினிக் திறந்திருக்கிறது, பிளேட் தயார் என்றார்கள். மகள் போனாள். முகத்தில் பிளாஸ்டிக் தடுப்பு மாட்டிய உதவியாளர் பெண் ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே அப்பாவின் மேல்வாய், வெள்ளை பிளாஸ்டர் மாவில் வார்த்தது. மிஞ்சியிருந்த பற்கள், வலது பக்கம் காலியான இடம், அண்ணத்தின் வரிகள், எல்லாம் இருந்தன. அதன் மேல் புது பிளேட் உட்கார்ந்திருந்தது. ஐந்து பற்கள். புதிதாக ஒரு கொக்கி, அடுத்த பல்லுக்குத் தள்ளி.

“இத வாயில போட்டுப் பாத்துதான் முடிப்போம். அப்பாவ எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?”

மகள் ஒரு விரலால் பிளேட்டின் இடது ஓரத்தை அழுத்தினாள். வலது ஓரம் எழவில்லை. வலதை அழுத்தினாள். இடது எழவில்லை. நடுவில் நகத்தை விட்டுப் பார்த்தாள். இடமில்லை.

“அப்பா போன மாசம் இறந்துட்டாரும்மா,” என்றாள்.

உதவியாளர் பெண் நோட்டைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். “அப்ப இத…”

“குடுங்க. இந்த வாயையும் சேத்துக் குடுங்க.”

“அது எங்களுக்கு வேண்டாம்தான். எடுத்துக்கோங்கக்கா.”

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போதே அம்மா கூப்பிட்டாள்.

“வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்.”

“எப்படிடி இருக்கு?”

“சரியா இருக்கும்மா. ஆட்டமே இல்ல.”

அம்மாவின் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“சரி, வா,” என்றாள். “சோறு இன்னும் வடிக்கல. குழைய வெச்சே பழகி, எந்தப் பதத்துல எடுக்கறதுன்னே மறந்துபோச்சு எனக்கு. நீ வந்து சொல்லு.”